காலைப் பொட்டலம்

ஜனவரி 16

அன்புள்ள நண்டுக்கு,

அக்கா எழுதுவது. முட்டி வலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. உனக்கு வாந்தி நின்றதா, சாப்பாடு இறங்குகிறதா, தூக்கம் வருகிறதா, எல்லாவற்றையும் வரிசையாக எழுது. போனில் கேட்டால் 'நல்லா இருக்கேன்க்கா' என்று ஒரே பாட்டு. பக்கத்தில் உன் மாமியார் உட்கார்ந்திருப்பது எனக்குத் தெரியாதா? உங்கள் வீட்டில் இருப்பதே ஒரு கூடமும் ஒரு அறையும். அதனால்தான் நீ வேலை செய்யும் குடைப் பட்டறை விலாசத்துக்கு எழுதுகிறேன்.

மூன்று மாதம் தாண்டிவிட்டது என்று நீ எழுதியிருந்ததை மருந்துக்கடைக் கல்லாவில் நின்றபடியே நான்கு தடவை படித்தேன். முன்பு இரண்டு தடவையும் மூன்றாம் மாதத்தைத் தாண்டவில்லை. அப்போது தைராய்டைப் பார்க்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. இந்த டாக்டர் முதல் வேலையாக ரத்தத்தை எடுத்து, சுரப்பு குறைவு என்று கண்டுபிடித்து, மாத்திரை கொடுத்தார். டி.எஸ்.எச். ஒன்பதிலிருந்து இரண்டரைக்கு இறங்கிவிட்டது. அந்த எண் ஏறினால் கெடுதல், இறங்கினால் நல்லது. மாப்பிள்ளைக்கும் இதைச் சொல்லிவை, லிஃப்ட் மாட்டுகிற மனுஷர், மேலே போனால் நல்லது என்று நினைத்துவிடப் போகிறார்.

இப்போது இரும்புச் சத்து, கால்சியம் எல்லாம் சேர்ந்து நான்கு மாத்திரை ஆகிவிட்டது, எதைப் போட்டேன் எதை விட்டேன் என்றே தெரியவில்லை என்று எழுதியிருக்கிறாய். கவலையை விடு. எங்கள் கடைக்கு வரும் வயதானவர்களுக்கு நான் செய்வதையே உனக்கும் செய்கிறேன். அட்டையிலிருந்து மாத்திரைகளைப் பிரித்து, காலைக்கு ஒரு பொட்டலம், இரவுக்கு ஒன்று என்று கட்டி, மேலே தேதி எழுதிக் கொடுத்துவிடுவேன். பதினொரு பேர் என் பொட்டலத்தை நம்பித்தான் இருக்கிறார்கள். முதலாளிக்குப் பிடிக்காது. 'படிச்சிட்டு வந்தவன் நான் ஒருத்தன் இருக்கேன், நீ எதுக்கும்மா இதெல்லாம் பண்ற' என்பார். அவர் உள்ளே பேப்பர் படிக்கும் நேரத்தில் நான் கட்டிவிடுவேன்.

உன் சீட்டில் நான்குக்கும் 'காலை' என்று இருக்கிறது. தைராய்டுக்கு மட்டும் 'வெறும் வயிறு' என்றும் இருக்கிறது. அதனால் நான்கையும் ஒரே பொட்டலமாகக் கட்டியிருக்கிறேன். எழுந்ததும் ஒரு தம்ளர் தண்ணீரில் போட்டுவிடு, வேலை முடிந்தது. ஒரு மாதத்துக்கு அனுப்பியிருக்கிறேன், இனி மாதாமாதம் வரும்.

வயிற்றில் இருக்கும் பெரிய மனுஷருக்கு என் அன்பைச் சொல்.

அக்கா


பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். உள்ளே இருப்பவரும் நலம்தான் என்று நம்புகிறேன், அவர் இன்னும் வாயைத் திறக்கவில்லை. உன் முட்டிக்கு யாரையாவது பார்த்தாயா? ஊருக்கெல்லாம் மருந்து கொடுக்கிறவள் நீ.

பொட்டலங்கள் வந்தன. தினமும் தேதி பார்த்துப் பிரிக்கிறேன், ஒரு நாள்கூடத் தவறவில்லை. பட்டறையில் காட்டினேன். பக்கத்து மிஷின்காரி, 'இப்படி ஒரு அக்கா இருந்தா நானும் தைரியமா பெத்துக்குவேன்' என்கிறாள். மேற்பார்வையாளர் எனக்கு முதுகு சாயும் நாற்காலி போட்டுக் கொடுத்திருக்கிறார். ஒரு குடைக்கு எட்டுத் துணி மடல். நான் மடல் இணைப்பதோடு சரி, கம்பியில் கோக்கும் வேலையைக் கொடுப்பதில்லை.

உனக்கு மட்டும் ஒன்று எழுதுகிறேன். ஒவ்வொரு தடவை கழிப்பறைக்குப் போகும்போதும் ரத்தம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மூச்சு விடுகிறேன். எல்லாரும் மூன்று மாதம் தாண்டிவிட்டது என்கிறார்கள். எனக்குத் தாண்டின மாதிரியே இல்லை. இதுவும் போய்விட்டால் இன்னொன்றுக்கு என்னிடம் தெம்பு இல்லை அக்கா. இதுதான் கடைசி.

வேளைக்குச் சாப்பிடு.

உன் நண்டு


மார்ச் 5

அன்புள்ள அக்காவுக்கு,

நலம் என்றுதான் எழுத வேண்டும். நீ எப்படி இருக்கிறாய்?

நல்ல செய்தியை முதலில் சொல்கிறேன். அசைகிறது. நேற்று மதியம், மிஷின் ஓடிக்கொண்டிருந்தபோது. மிஷின் அதிர்வு என்று நினைத்து நிறுத்தினேன். நிறுத்தின பிறகும் அசைந்தது.

இன்னொன்று, டி.எஸ்.எச். ஏழுக்கு ஏறிவிட்டது. டாக்டர் சீட்டைப் பார்த்தபடியே, 'மாத்திரை ஒழுங்கா போடறீங்களா?' என்று கேட்டார். போடுகிறேன் என்றேன். 'தைராய்டு சுரப்பு இப்படிக் குறைஞ்சா குழந்தையோட மூளை வளர்ச்சிக்கு ஆகாது. உங்களுக்கு ரத்த அழுத்தம் ஏறும், குறைமாசத்துல பொறக்கும். வெளையாட்டு இல்ல' என்றார். வெளியே ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். அதற்கு மேல் அவரிடம் பேச முடியவில்லை. கூட வந்திருந்த இவர் திரும்பி என்னைப் பார்த்தார். வீடு வரும்வரை ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் எனக்கு என்னவோ போல் இருந்தது.

தைராய்டு மாத்திரையைக் கூட்டி எழுதியிருக்கிறார். சீட்டை இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். புதுப் பொட்டலம் கட்டி அனுப்பு.

உன் நண்டு


மார்ச் 12

அன்புள்ள நண்டுக்கு,

இங்கே எல்லாம் வழக்கம்போல். அசைகிறது என்று படித்ததும் கடைக்கு வந்தவரிடம் மாத்திரையைக் கொடுத்துவிட்டு மீதி கொடுக்க மறந்துவிட்டேன். அவர் போகாமல் நின்றுகொண்டே இருந்தார்.

புதுப் பொட்டலம் இதோடு வருகிறது. இனி நான் கேட்பதற்கு மறைக்காமல் பதில் சொல். போடுகிறாயா? காய்ச்சல் மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்து, அம்மா போனதும் ஜன்னல் வழியே துப்பினவள் நீ. வாந்தி வரும் என்று பயந்து விடுகிறாயோ என்று சந்தேகமாக இருக்கிறது. நான்கும் ஒன்றாகப் போனால் குமட்டத்தான் செய்யும். பல்லைக் கடித்துக்கொண்டு போடு.

ஒன்று செய். தினமும் உன் மாமியார் முன்னால் நின்று விழுங்கு. பிறகு ஒருத்தரும் உன்னை ஒரு வார்த்தை பேச முடியாது.

கோபித்துக்கொள்ளாதே. எனக்கும் அந்தப் பிள்ளையை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?

அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? நான் நலம் என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அதனால் விட்டுவிடுகிறேன்.

நீ சொன்னபடியே செய்கிறேன். காலையில் அத்தை நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்காருவார். நான் பொட்டலத்தைப் பிரித்து நான்கையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடிப்பேன். 'ஆ காட்டு' என்பார். காட்டுவேன். 'நாக்கத் தூக்கு' என்பார். தூக்குவேன். எனக்கு முப்பத்தொரு வயது.

இத்தனைக்கும் பிறகு எண் பதின்மூன்று. டாக்டர் இந்தத் தடவை என்னிடம் பேசவே இல்லை. இவரிடம்தான் பேசினார். 'இவ்வளவு டோஸ் போட்டா எறங்காம இருக்காது சார். வீட்ல கொஞ்சம் கவனிங்க' என்றார். இவர் தலையை ஆட்டிக்கொண்டார். வெயிலிலும் எனக்குக் குளிர்கிறது. கால் வீங்கி மிஷின் மிதிக்க வரவில்லை. முகம் உப்பிவிட்டது.

நான் போடுகிறேன் அக்கா. இதை எத்தனை தடவை எழுதினால் நம்புவாய்?

உன் நண்டு


ஏப்ரல் 25

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். புதுப் பொட்டலங்கள் வந்தன. உள்ளே கடிதம் இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. வேலை அதிகமோ என்னவோ.

இந்த வாரம் வேறு ஒரு டாக்டர் அம்மா பார்த்தார். சின்ன வயது. அவசரப்படவில்லை. எந்த மாத்திரையை எப்போது, எப்படிப் போடுகிறேன் என்று கேட்டார். சொன்னேன். ரத்த அழுத்தம் கொஞ்சம் அதிகம், ஓய்வு எடு என்றார்.

இனிமேல் பொட்டலம் அனுப்ப வேண்டாம். இங்கேயே பட்டறைக்கு எதிரே கடை இருக்கிறது, அட்டையாக வாங்கிக்கொள்கிறேன். நீ அலைந்து தபாலில் சேர்க்கும் சிரமம் எதற்கு?

பிள்ளை நன்றாக உதைக்கிறது.

உன் நண்டு


மே 4

அன்புள்ள நண்டுக்கு,

நலமாக இரு. எனக்கு என்ன, இருக்கிறேன்.

மே மாதத்துக்கு முப்பத்தொன்றும் கட்டி முடித்து, தேதி எழுதி, டப்பாவில் அடுக்கி வைத்திருக்கிறேன். வேண்டாம் என்று ஒரு வரியில் எழுதிவிட்டாய். என்ன காரணம் என்று யோசித்து யோசித்து மண்டை காய்ந்துவிட்டது. தேதி போட்ட பொட்டலம் என்றால் எத்தனை மிச்சம் என்று யாரும் பார்த்துவிடலாம். அட்டை என்றால் கணக்கு இல்லை. வேறு காரணம் எனக்குத் தோன்றவில்லை.

போன தடவை கடிதம் வைக்காமல்தான் அனுப்பினேன். எழுதினால் திட்டி எழுதிவிடுவேன் என்று பயம். உன் பேச்சை நம்புவதா, ரத்தத்தை நம்புவதா, நீயே சொல். ரத்தம் பொய் சொல்லாது. பிறக்கப் போகிற பிள்ளையின் முகத்துக்காகவாவது போட்டுவிடு.

அக்கா


ஜூன் 10

தங்கைக்கு,

ஊர் வந்து சேர்ந்தேன். உடம்பு தேறியதா? கேட்காமல் இருக்க முடியவில்லை, அதனால் கேட்கிறேன்.

எட்டாம் மாதம். ரத்த அழுத்தம் ஏறி, நஞ்சுக்கொடி முன்கூட்டியே பிரிந்து, நான் வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. துணியை விலக்கிக் காட்டினார்கள். பெண். நகம்கூட வளர்ந்திருந்தது. அதை நான் பார்த்திருக்கக் கூடாது.

அந்த வார்டில் உன் கட்டிலைச் சுற்றி நாங்கள் நின்றபோது உன் மாமியார் கேட்டார். 'இப்பவாவது சொல்லு. மாத்திரையப் போட்டியா, இல்லையா?' நீ சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாய். 'போடல. வாய்ல ஒதுக்கிவெச்சு, அப்புறம் துப்பிட்டேன்.' மாப்பிள்ளை அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அப்போது நான் சொன்னேன், 'அப்ப நீதான்டி கொன்ன.' அந்த அறையில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. ஊர் வரும் வழியெல்லாம் அந்த வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாமா என்று யோசித்தேன். முடியவில்லை. ஏன் துப்பினாய்? என்னிடமாவது சொல்லியிருக்கலாமே. நான்கு மாதம் நான் கட்டிக் கட்டி அனுப்பினேன், நீ துப்பித் துப்பிப் போட்டாய்.

இப்போதைக்கு எழுதாதே. படிக்க என்னால் ஆகாது.

அக்கா


ஆகஸ்ட் 21

அன்புள்ள நண்டுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், எப்படி இருக்கிறாய்?

ஜூன் 24-ஆம் தேதி எனக்குத் தெரிந்துவிட்டது. இன்று ஆகஸ்ட் 21. நடுவில் எத்தனை கடிதம் எழுதிக் கிழித்தேன் என்று சொல்லி உன் இரக்கத்தைக் கேட்கப் போவதில்லை.

ரிட்டையரான டீச்சர் ஒருவர் சீட்டோடு வந்தார். புதிதாகத் தைராய்டு, முன்பே போடும் கால்சியம், இரும்பு. மூன்றையும் பிரித்து ஒன்றாகக் கட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கென்று முதலாளி வெளியே வந்தார். 'ஏம்மா, இத எப்படி ஒண்ணாக் கட்டுற? தைராய்டுக்கும் இதுக்கும் நாலு மணி நேரம் இடைவெளி விடணும். இரும்பும் கால்சியமும் வயித்துலயே அதப் புடிச்சு வெச்சுக்கும். ஒடம்புல சேரவே சேராது' என்றார். சாதாரணமாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். நான் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீ தனியாக வாங்கிப் போட்டபோது எண் இறங்கியது. நான் கட்ட ஆரம்பித்த பிறகு ஏறியது. இது ஒரு பெரிய கணக்கா, எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? ஒன்பது வருஷம் மருந்துக்கடையில் நிற்கிறேன்.

முதலில் என் பதினொரு பேர் வீட்டுக்கும் போனேன். இரண்டு பேருக்கு அதே தப்பைச் செய்திருந்தேன். பிரித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். முதலாளியிடம் நேரில் கேட்டேன், இதனால் ஒரு பிள்ளை சாகுமா என்று. 'அதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது, அதனால இல்லன்னும் சொல்ல முடியாது' என்றார். யாருக்கு என்று அவர் கேட்கவில்லை.

நீ துப்பியிருந்தாலும் ஒன்றுதான், விழுங்கியிருந்தாலும் ஒன்றுதான். நான் கட்டியதில் பலன் இருந்திருக்காது. ஆனால் நீ துப்பினாயா? எனக்கு இப்போது ஒன்றும் புரியவில்லை. எனக்கு எழுது.

அக்கா


செப்டம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நீயும் சாப்பிட்டுத் தூங்கு.

நான் ஒன்றைக்கூடத் துப்பவில்லை.

உனக்கு ஜூனில் தெரிந்தது எனக்கு ஏப்ரலிலேயே தெரியும். அந்தச் சின்ன டாக்டர் அம்மாவிடம் பொட்டலத்தைப் பிரித்தே காட்டினேன். பார்த்ததும் அவர் முகம் மாறிவிட்டது. 'இத யாரு கட்டினா?' என்றார். கடையில் என்றேன். அன்றிலிருந்து தைராய்டு மாத்திரையைக் காலையிலும் மற்றதை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் போட்டேன். மே மாதம் எண் ஏழுக்கு இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்ச நாள் கிடைத்திருந்தால் என்று நினைத்துப் பார்ப்பேன், பிறகு நினைப்பதை நிறுத்திவிடுவேன்.

உனக்கு எழுத நினைத்தேன். ஊருக்கே பொட்டலம் கட்டுகிற உன்னிடம் எப்படிச் சொல்வது? பிள்ளை நல்லபடியாகப் பிறந்த பிறகு சிரித்துக்கொண்டே சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன்.

வார்டில் நீ வருவதற்குக் கொஞ்சம் முன்னால் அத்தை இவரிடம், 'அந்தப் பொட்டலத்துல என்னதான் இருந்துச்சு? அந்தக் கடைக்கே போய்க் கேக்கலாம்டா' என்று சொல்லிக்கொண்டிருந்தார். போயிருந்தால் உன் வேலை போயிருக்கும். போலீஸ் வரைக்கும்கூடப் போயிருக்கும். அதனால் போடவில்லை என்றேன்.

இவர் இப்போது வேலை நடக்கும் கட்டடத்திலேயே தங்கிக்கொள்கிறார். உடுப்பு மாற்ற வருவார். என்னிடம் பேசி மூன்று மாதமாகிறது. சொந்தப் பிள்ளைக்குப் போட வேண்டிய மாத்திரையைத் துப்பினவளிடம் என்ன பேசுவார், பாவம்.

தயவுசெய்து இதை இப்படியே விட்டுவிடு.

நண்டு


அக்டோபர் 2

என் தங்கத்துக்கு,

நான் விடவில்லை. உன் கடிதம் வந்த மறுநாள் முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லி, வேலையை விட்டுவிட்டேன். பிறகு ரயில் பிடித்து நேராக மாப்பிள்ளை வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனேன். உன்னைப் பார்க்க வரவில்லை, தைரியம் இல்லை.

ஏழாவது மாடியில் லிஃப்ட் கதவைத் திறந்துவைத்து வேலை செய்துகொண்டிருந்தார். கையைத் துடைத்துவிட்டு எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார். டப்பாவில் மீந்திருந்த மே மாதப் பொட்டலத்தைப் பிரித்து, எது எதைப் பிடித்துவைத்தது என்று காட்டினேன். மாத்திரை அட்டையோடு வரும் காகிதத்தையும் கொடுத்தேன். 'அவ துப்பவே இல்ல மாப்பிள்ள. தப்பு என் கையில. அவ எனக்காகப் பொய் சொல்லிட்டா' என்றேன்.

பொறுமையாகக் கேட்டார். காகிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். 'சாப்டீங்களாக்கா?' என்றார். கீழே வரை வந்து வழியனுப்பினார்.

அவர் நம்பினாரா? வீட்டுக்கு வந்தாரா? உன்னிடம் பேசினாரா? அதை மட்டும் எழுது. என்னை மன்னிக்கச் சொல்லவில்லை. அவர் பேசினார் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

அக்கா


நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தானே? புது வேலை ஏதாவது கிடைத்ததா? நான் இப்போது பக்கத்து மிஷின்காரியின் அறையில் இருக்கிறேன். இரண்டு பேருக்குப் போதும்.

நீ கேட்டதற்குப் பதில். ஆமாம், அவர் பேசினார். நீ வந்துபோன அன்று மாலையே வீட்டுக்கு வந்தார். 'ஒங்க அக்கா வந்திருந்தாங்க. உனக்காக வேலையக்கூட விட்டுட்டு வந்து, பழிய அவங்க தலையில போட்டுக்கறாங்க. எவ்ளோ நல்ல மனுஷி. அவங்களப் போய்ப் பொய் சொல்ல வெச்சுட்டியே' என்றார். அவங்க சொன்னது உண்மை என்றேன். 'அன்னிக்கு எங்க எல்லார் முன்னாடியும் உன் வாயால சொன்னது?' என்றார். அந்தக் காகிதத்தைக் காட்டினேன், மாத்திரையை விளக்கினேன், டாக்டர் அம்மாவிடம் போய்க் கேட்கலாம் என்றேன். ரெண்டு பேரும் பேசிவைத்திருக்கிறீர்கள் என்றார். அத்தை நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் இரண்டு பேர் வாயையும் பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் நான் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். யாரும் தடுக்கவில்லை.

பொட்டலத்துக்காக உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. இதை எழுதிவிட்டு இரண்டு நாள் வைத்திருந்து திரும்பப் படித்துப் பார்த்தேன், உண்மைதான். நீ தெரியாமல் செய்தாய். தெரிந்திருந்தால் உன் கையை வெட்டிக்கொண்டிருப்பாய்.

ஆனால் ஒன்று இருக்கிறது. அதைச் சொல்லாமல் உனக்கு இனி என்னால் எழுத முடியாது. வார்டில் நான் அந்தப் பொய்யைச் சொன்னபோது, அத்தை நம்புவார், இவர் நம்புவார் என்று தெரிந்துதான் சொன்னேன். நீ நம்ப மாட்டாய் என்று நினைத்தேன். கழிப்பறையில் ஒவ்வொரு தடவையும் நான் எதைத் தேடினேன் என்று உனக்கு மட்டும்தான் எழுதியிருந்தேன். இவள் மாத்திரையைத் துப்புகிறவள் இல்லை, ஏதோ காரணத்துக்காகச் சொல்கிறாள் என்று என் அக்காவுக்குத் தெரியும், ஊருக்குப் போய் யோசித்து, என்னடி விஷயம் என்று ஒரு வரி எழுதிக் கேட்பாள் என்று நினைத்தேன். சொல்லிவிட்டுச் சுவரிலிருந்து கண்ணை எடுத்து உன்னைத்தான் பார்த்தேன்.

எல்லாருக்கும் முன்னால் நீ நம்பிவிட்டிருந்தாய்.

தங்கை